ஓட்டமா, தண்டாலா? பத்தாவது படிக்கிற பசங்க மூளைக்கு எது
ஓடுறது, சைக்கிள் மிதிக்கிறது பத்தி ஆராய்ச்சி நிறையவே இருக்கு, மூச்சு வாங்க ஓடினா மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும், மூளை செல்கள் வளர உதவுற பிடிஎன்எஃப்னு ஒரு புரதமும் ஏறும், கொஞ்ச நேரத்துக்கு கவனம் நல்லா நிக்கும். தண்டால், பஸ்கி, வெயிட் பக்கம் டீனேஜ் பசங்களை வச்சு செஞ்ச ஆய்வு கம்மி, ஆனா வர்ற ரிசல்ட் மோசமில்ல. ஒவ்வொரு தடவையும் முதுகு நேரா இருக்கா, எத்தனையாவது எண்ணிக்கைன்னு மனசுல வச்சிக்கிட்டே செய்யணும்ல, அதுவே ஒரு மூளை வேலைதான் (வெயிட் தூக்கினா குள்ளமாயிடுவான்னு சொல்றதெல்லாம் சும்மா, சரியா சொல்லிக்குடுக்க ஆள் இருந்தா போதும்). உலக சுகாதார நிறுவனம் 2020ல தினம் 60 நிமிஷம் உடம்பை அசைக்கணும், அதுல வாரம் 3 நாளாவது தசைக்கு வேலை வேணும்னு சொல்லிருக்கு. என்னைக் கேட்டா பரீட்சை நேரத்துல ஓட்டம், லீவுல தண்டால் பழகலாம்.