அப்பாவுக்கு ஒரு சென்னை முகவரி

அம்மா போன பிறகு, கும்பகோணத்தில் தனியாக இருந்த அப்பாவைத் தம்பி வேளச்சேரிக்கே அழைத்து வந்துவிட்டான். டொரன்டோவிலிருந்து இந்த முறை நான் வந்தபோது ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன். அப்பா இந்த வீட்டில்தான் வசிக்கிறார் என்பதற்குச் செல்லுபடியாகிற ஒரு சான்று வேண்டும்.

பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் நிறையப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. ஈ.பி. கார்டு தம்பி பெயரில், கேஸ் அவன் மனைவி பெயரில், வீட்டு வரி ரசீதும் அவன் பெயரில். அப்பா பெயர் போட்டு இந்த வீட்டுக்கு ஒரு காகிதமும் வருவதில்லை. ஆதாரில் இன்னும் கும்பகோணம் விலாசம்தான். பக்கத்து பேங்க் கிளையில் கே.ஒய்.சி.க்கு முகவரி கேட்கிறார்கள். அப்பாவுக்கு அதைவிட முக்கியம் பஸ் டோக்கன். சென்னையில் வசிக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை.

முதலில் போன ஆதார் மையத்தில், "உங்க பேர்ல கரன்ட் பில் இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க, பையன்கூட வாடகை ஒப்பந்தம் போட்டு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெற்ற பிள்ளையோடு வாடகை ஒப்பந்தமா? அப்பா பதிலே சொல்லவில்லை, ஆட்டோவில் வீடு வரும்வரை பேசவும் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் அப்படி ஓர் ஒப்பந்தம் தேவையே இல்லை. குடும்பத் தலைவரின் முகவரியை வைத்து மற்றவர்களின் ஆதார் முகவரியை மாற்றும் வசதி 2023 ஜனவரியிலிருந்து இணையத்திலேயே இருக்கிறது. 18 வயது நிரம்பிய யாரும் இதற்குக் குடும்பத் தலைவராக இருக்கலாம், அப்பாவுக்கு மகனும் இருக்கலாம். உறவைக் காட்ட இருவர் பெயரும் உள்ள ஓர் ஆவணம் போதும். ரேஷன் கார்டு, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாம் செல்லும். தம்பியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கிறதே! எதுவுமே இல்லாவிட்டால் குடும்பத் தலைவர் உறுதிமொழி எழுதித் தரலாம்.

வீட்டிலிருந்தே செய்தால், பெரியவரின் ஆதாரில் பதிந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். விண்ணப்பித்ததும் குடும்பத் தலைவருக்குத் தகவல் போகும். அவர் 30 நாட்களுக்குள் மைஆதார் தளத்தில் நுழைந்து சம்மதம் தர வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும்.

எங்களுக்கு அங்கேதான் தடை. அப்பாவின் ஆதாரில் இருந்தது அம்மாவின் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் எப்போதோ போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கிற நாம் வாரம் தவறாமல் பேசுகிறோம், ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. தயவுசெய்து இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

ஆகவே நேரில்தான். தம்பி ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டான். குடும்பத் தலைவரும் உடன் வந்து ரேகை வைக்க வேண்டும் என்பதால் அவன் இல்லாமல் நடக்காது. இரண்டாவது மையத்தில் இருந்த பெண் விவரம் தெரிந்தவர். அப்பா தையல் கடை வைத்திருந்தவர், விரல் தேய்ந்துபோய் ரேகை விழவில்லை. அந்தப் பெண் சலித்துக்கொள்ளவே இல்லை. "பரவாயில்லை ஐயா, கண்ணை வச்சுப் பார்த்துக்கலாம்" என்று கருவிழிக் கருவியை எடுத்தார், உடனே பதிந்தது. முகவரி, மொபைல் நம்பர் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் மாற்றினார். கட்டணம் 75 ரூபாய், ரசீதும் கொடுத்தார். விவரம் தெரிந்த ஒருவர் கவுன்ட்டரில் இருந்தால் பெரியவர்களின் பாதி அலைச்சல் குறைந்துவிடும். மையங்களில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சுவரில் தமிழில் எழுதி ஒட்டவும் வேண்டும்.

சில நாட்களில் மெசேஜ் வந்தது, புது ஆதாரைத் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டோம். பேங்க் வேலை அன்றைக்கே முடிந்தது.

டோக்கனுக்கு ரேஷன் கார்டு கேட்கிறார்கள். அதனால் கும்பகோணம் கார்டிலிருந்து அப்பா பெயரை நீக்கி, தம்பியின் கார்டில் சேர்க்க வேண்டும். நீக்கல் முடிந்துவிட்டது, சேர்ப்பதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். வாக்காளர் பட்டியலில் அப்பா பெயரை வேளச்சேரிக்கு மாற்றப் படிவம் 8 கொடுத்தாயிற்று. நான் கிளம்பிய பிறகு வருகிற ஓ.டி.பி.களுக்கு அப்பாவின் புது நம்பரைத் தம்பியின் பிளானிலேயே சேர்த்துவிட்டோம், இனி ரீசார்ஜ் தவறாது.