பின்விளக்கு, மேலங்கி, கணுக்கால் பட்டை: ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு நாள்தோறும் சைக்கிளில் அலுவலகம் போய், இரவு ஏழரை மணிக்கு மேல் திரும்புகிற எனக்கு, பின்னால் வரும் வண்டிக்காரரின் கண்ணில் படுவதுதான் முதல் கவலை. அதற்காக 850 ரூபாய்க்கு ஒரு தொகுப்பு வாங்கினேன். அதில் சார்ஜ் செய்யக்கூடிய சிவப்புப் பின்விளக்கு ஒன்றும், பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி ஒன்றும், கணுக்கால் பட்டைகள் இரண்டும் இருந்தன.

விளக்கில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பழைய டைனமோ விளக்கு வண்டி நின்றதும் அணைந்துவிடும். இது சிக்னலில் நிற்கும்போதும் எரிகிறது. விட்டுவிட்டு எரியும் ஒளி சட்டென்று கவனத்தை இழுத்தாலும், சைக்கிள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கணிப்பது பின்னால் வருபவருக்குக் கடினமாகிவிடுவதால், இருட்டிய பிறகு நிலையாக எரியும்படியே வைத்துக்கொள்கிறேன். நிலையான ஒளி நான்கு மணி நேரம் வரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்றரை மணி நேரம் கிடைக்கிறது. சீட்டுக் கம்பி பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், அதில் அப்படியே மாட்டினால் விளக்கு சாலையைப் பார்த்துக் குனிந்துகொள்கிறது. பிடிமானத்தின் கீழ்ப்பகுதியில் பழைய ட்யூப் துண்டு ஒன்றை மடித்துச் செருகிய பிறகே நேராக நின்றது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூன்றாம் மாதமே தளர்ந்துவிட்டது. நவம்பர் மழையில் அதன் மேல் டேப் சுற்றி ஓட்ட வேண்டியிருந்தது.

மேலங்கிதான் ஏமாற்றம். அதன் மஞ்சள் துணி சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவதால் பகலில் கண்ணைப் பறிக்கிறது. இரவில் அந்த வித்தை நடப்பதில்லை. அப்போது பயன்படுவது, ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் சாம்பல் நிறப் பட்டைகள் மட்டுமே. அவற்றையும் முதுகில் மாட்டிய அலுவலகப் பை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. பையின் மேல் அணியலாம் என்றால் அதற்கேற்ற அளவில் தைக்கவில்லை.

நான் பொருட்படுத்தாமல் இழுப்பறையில் போட்டிருந்த கணுக்கால் பட்டைகளே இந்தத் தொகுப்பின் உண்மையான மதிப்பு. ஒரு நாள் இரவு தம்பியைப் பைக்கில் பின்னால் வரச் சொல்லிச் சோதித்தேன். “அண்ணா, பளிச்சுன்னு முதல்ல தெரிஞ்சது உன் கால்தான்; மேலே போய்க் கீழே வந்தவுடனே சைக்கிள்னு புரிஞ்சுபோச்சு” என்றான். அசையாத சிவப்புப் புள்ளி எதுவாகவும் இருக்கலாம். பெடலோடு ஏறி இறங்கும் வெளிச்சம் ஒரு மனிதர் மிதிக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறது. பேன்ட் செயினில் சிக்காமல் இருப்பது கூடுதல் லாபம்.

பக்கவாட்டில் வருபவருக்கு இந்த விளக்கு ஏறக்குறைய தெரியாது. அதற்குச் சக்கரக் கம்பிகளில் தனியாகப் பிரதிபலிப்பான் மாட்ட வேண்டும். மொத்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கேட்டபோது பட்டைகளை மட்டும் 120 ரூபாய்க்குத் தனியாகத் தருவதாகச் சொன்னார்கள். தம்பிக்கு ஒரு ஜோடி வாங்கிவிட்டேன்.