டீசல் ஹீட்டர்: கழற்றவும் மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன்

மறையூர் தம்பி ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணே, உங்க வண்டில இருக்கிற டீசல் ஹீட்டர் ஆன்லைன்ல விலை இறங்கிக் கிடக்கு. ஒண்ணு மாட்டிரலாமா?" எஞ்சினை நிறுத்திய பிறகும் டீசலை எரித்து வண்டிக்குள் சூடான காற்றை ஊதுகிற சின்னப் பெட்டி அது. நான் அப்போதுதான் அதைப் பிரித்துப் போட்டுக் கரி சுரண்டிக்கொண்டிருந்தேன். வேண்டாம்டா என்று சொல்லி வைத்துவிட்டேன். அது முழு பதில் இல்லை. அதனால் இது.

என் வண்டி டிராவலர், சுற்றுலா வேன். மூணாறு, வட்டவடை, காந்தலூர், சூரியநெல்லி என்று ஓட்டம். கெஸ்ட் ரிசார்ட்டில் தூங்குவார்கள், டிரைவருக்கு வண்டிதான் கட்டில். டிரைவர் டார்மிட்டரி என்று போர்டு மாட்டிய இடத்திலும் கிடைப்பது ஈரக் கம்பளிதான். ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குகிற ஆட்களும் நம்மில் உண்டு. அதற்கு ஹீட்டர் எவ்வளவோ மேல் என்றுதான் வாங்கினேன்.

சூட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரவு முழுக்க ஓடினாலும் டீசல் ஒன்றிரண்டு லிட்டருக்குமேல் போகாது. நான் எதிர்பார்க்காத லாபம் ஜூன், ஜூலையில் வந்தது. மூணாறில் குளிரைத் தாங்கிவிடலாம், ஈரத்தைத்தான் தாங்க முடியாது. சீட் துணியில் பூஞ்சை, மிதியடியில் நாற்றம், கண்ணாடி முழுக்க உள்பக்கம் வியர்வை. காலையில் கெஸ்ட் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம் ஹீட்டரைப் போட்டால் வண்டி மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. நனைந்த சட்டையைக் காற்று வரும் வாய்க்கு எதிரே தொங்கவிட்டால் கட்டன் சாயா குடித்து முடிப்பதற்குள் போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே நான் அதைக் கழற்ற மாட்டேன்.

இனி கோபம். பெட்டியோடு வரும் புகைப் பக்கத்துச் சாமான்கள் எல்லாம் குப்பை.

இந்த ஹீட்டருக்குள் இரண்டு காற்று ஓடுகிறது. ஒன்று வண்டிக்குள் இருந்து போய், சூடாகித் திரும்ப வண்டிக்குள் வருவது. இன்னொன்று வெளியிலிருந்து வந்து, டீசலோடு எரிந்து, புகையாக வெளியே போவது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உயிர் நிற்பது அந்த ஒரு தடுப்பில்தான். அதற்குக் கொடுத்திருப்பது மெல்லிய தகரக் கிளிப், பக்கவாட்டு மடிப்பு சரியாகச் சேராத ஒரு சின்ன சைலன்சர், அடியில் வைக்க ஒரு பேக்கிங். கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினால் பைப் இறுகுவதற்கு முன் கிளிப் வளைகிறது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இணைப்பைச் சுற்றிக் கண்மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. அங்கே புகை கசிகிறது என்று அர்த்தம். இப்போது போல்ட் வைத்த ஸ்டீல் கிளாம்ப் போட்டிருக்கிறேன். சைலன்சரை அந்தப் பெட்டிக்கே திருப்பி அனுப்பத் தோன்றியது.

முதலில் மாட்டிக் கொடுத்த ஆள் சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் போடுகிறவர். ஹீட்டரை சீட் பெட்டிக்குள் படுக்க வைத்து, சைலன்சர் பைப்பின் இணைப்பையும் பெட்டிக்கு உள்ளேயே விட்டு, பைப்பை மட்டும் ஓட்டை வழியாக வெளியே தள்ளியிருந்தார். "நல்லா டைட் பண்ணிருக்கேன் சேட்டா, ஒண்ணும் ஆகாது." அன்றே பிரிக்க வைத்தேன். புகை வாய், எரிவதற்கான காற்று வாய், டீசல் குழாய் மூன்றும் தரைத் தகட்டைத் தாண்டி அடியில் இருக்க வேண்டும். தகட்டுக்கும் ஹீட்டருக்கும் நடுவே பேக்கிங் சமமாக உட்கார வேண்டும். வண்டித் தரையில் நெளிவு இருக்கும், அதனால் கீழே தட்டையான இரும்புத் தகடு ஒன்றைத் தனியாக வைத்துத்தான் ஏற்ற முடிந்தது. அந்தத் தகட்டை வெட்டிக் கொடுத்த அடிமாலி வெல்டிங் பட்டறைக்காரர் பாதி நேரத்தில் வேலையைப் புரிந்துகொண்டார். ஸ்பீக்கர் ஆளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஐரோப்பாவில் வண்டி ஹீட்டர்களுக்கென்று ஐ.நா.வின் 122-ஆம் எண் விதி இருக்கிறது. எரிவதற்கான காற்றைப் பயணிகள் இருக்கும் இடத்திலிருந்து எடுக்கக் கூடாது, புகை வாய் திறக்கும் ஜன்னல் வழியாகவோ காற்று வழி வழியாகவோ திரும்ப உள்ளே வராத இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் இதோடு இன்னும் சில சேர்க்க வேண்டும். மலையில் மண் திட்டை ஒட்டித்தான் வண்டியை ஒதுக்குகிறோம். புகை வாய் திட்டுப் பக்கம் இருந்தால் புகை போக வழியில்லாமல் வண்டிக்கு அடியிலேயே சுற்றும். வட்டவடையில் வரிசையாக வண்டி நிற்கும்போது பக்கத்து டிரைவரின் ஜன்னல் எங்கே என்று பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த புல்மேல் நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடவே கூடாது. அந்த பைப் தொட்டால் தோல் உரியும் சூடு. பிரேக் ஹோஸ், ஒயர், டீசல் குழாய் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது.

டீசலுக்கு பிளாஸ்டிக் டப்பா ஒன்று தருகிறார்கள். ஆள் ஏறும் வண்டிக்குள் அதை வைக்கவே கூடாது. ஏற்கெனவே வளைவில் வாந்தி எடுக்கிற கெஸ்டுக்கு டீசல் வாடையும் சேர்ந்தால் முடிந்தது. வண்டி டேங்கிலேயே தனிக் குழாய் இறக்கினேன். அதை அடிவரை விடாமல் கொஞ்சம் உயரத்திலேயே நிறுத்தினால், ஹீட்டர் டேங்கைக் காலி பண்ணாது.

கரண்டும் அப்படித்தான். ஸ்டார்ட் ஆகும்போது, டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சிகரெட் லைட்டரிலிருந்து எடுத்தால் சரியாகப் பற்றாது. பேட்டரியிலிருந்து நேராக, தடித்த ஒயரில், ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். நிறுத்தும்போது சுவிட்சில் நிறுத்திவிட்டு, ஃபேன் தானாக ஓடிக் குளிரும்வரை சில நிமிடம் விட வேண்டும். அவசரப்பட்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கினால் உள்ளே சூடு தங்கிப் பாகம் வெந்துவிடும்.

கரி சுரண்டிய கதைக்கு வருகிறேன். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, பம்ப்போ கீழே ஊட்டுகிற அளவு டீசலையே இங்கும் ஊட்டுகிறது. போதாததற்கு, நாம் தூக்கத்துக்காக ஹீட்டரைக் குறைத்து வைக்கிறோம். சரியாக எரியாத டீசல் கரியாகிறது. குளோ பிளக்கைச் சுற்றி இருக்கும் கம்பி வலை முழுக்க அடைத்திருந்தது. அவ்வப்போது அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். "பெரியதாக வாங்கு" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பெரியதைக் குறைத்து ஓட்டுவதைவிடச் சிறியதை நன்றாக எரிய விடுவதுதான் நல்லது. பிரித்தால் பேக்கிங்கைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவானில் இரண்டு பேர் இறந்து கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்ததுதான் காரணம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும், மலை ஏறிய களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். அதனால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஹீட்டர் இல்லை. பெட்டியோடு அது வராது, தனியாக வாங்க வேண்டும். வண்டிக்கு, படகுக்கு என்று வருவதில் ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டிருக்கும். காற்றில் இந்த வாயு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள், 300 பிபிஎம் ஆனால் மூன்று நிமிடத்துக்குள் கத்த வேண்டும் என்பது அதன் கணக்கு. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதா என்றுதான் தெரியும், சென்சருக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியாது. பின்னால் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்.

எம்விடி, அதாவது மோட்டார் வாகனத் துறை, பிடித்தால் வண்டி அமைப்பை மாற்றியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டலாம். இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு என் பதில் இதுதான்: வாங்காதே. சூடு நன்றாக இருக்கிறது, செலவும் குறைவு, நான் விற்கவும் மாட்டேன். ஆனால் விலை இறங்கியது என்று வாங்குகிறவன் மாட்டுகிற கூலியிலும் மிச்சம் பிடிப்பான், கிளாம்ப்பிலும் பிடிப்பான், அலாரத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்பான். இதையெல்லாம் படித்த பிறகும் வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் முதலில் அலாரத்தை வாங்கு, அது கைக்கு வந்த பிறகு ஹீட்டரை ஆர்டர் பண்ணு. ஸ்டீல் கிளாம்ப்பை இங்கேயே அளவு பார்த்து எடுத்துத் தருகிறேன்.