வீட்டில் வைத்துப் பயில எந்த யோகப் புத்தகம்? ஐயங்காரா, பீகார் பள்ளியா?

எங்கள் பகுதியில் யோகா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போய்விட்டார். வீடியோ பார்த்துச் செய்வது எனக்குச் சரிப்படவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, எனக்கோ கழுத்து எலும்புத் தேய்மானம். கற்றதை மறக்காமல் தொடர ஒரு நல்ல புத்தகம் வேண்டும் என்று தேடினால், விசாரித்தவர்கள் எல்லாரும் இரண்டே பெயரைத்தான் சொன்னார்கள். ஒன்று, பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா'. மற்றது, சுவாமி சத்யானந்த சரஸ்வதியின் 'ஆசன பிராணாயாம முத்ரா பந்தா'. பீகாரில் முங்கேரில் உள்ள பீகார் யோகப் பள்ளியின் வெளியீடு அது.

இரண்டையும் வாங்கினேன். இரண்டையும் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பயின்று வருகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பீகார் பள்ளிப் புத்தகத்தை வாங்குங்கள் என்பேன். ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பொதுவான விஷயங்கள். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, இரண்டும் தடிமனானவை, அரை நூற்றாண்டு தாண்டியும் அச்சில் இருப்பவை. ஐயங்கார் புத்தகம் வெளிவந்தது 1966-இல், பீகார் புத்தகம் 1969-இல். ஐயங்கார் புத்தகத்தில் இருப்பவை புகைப்படங்கள், மற்றதில் இருப்பவை கோட்டுப் படங்கள். பரம்பரை என்று பார்த்தால் இரண்டுமே பெரிய இடம்தான். ஐயங்கார், மைசூரில் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர். சத்யானந்தர், ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் சீடர். அந்தச் சிவானந்தர் நம்ம பத்தமடைக்காரர், 1887-இல் பிறந்தவர், மலேயாவில் டாக்டராக இருந்தவர். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவரின் சீடர் எழுதியதைப் பாயில் உட்கார்ந்து படிக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

இனி ஐயங்கார் புத்தகம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 200 ஆசனங்கள், ஏறத்தாழ 600 படங்கள். எல்லாப் படத்திலும் அவரேதான் நிற்கிறார். வயலின் மேதை யெஹூதி மெனுகின் முன்னுரை எழுதியிருக்கிறார். ஒவ்வோர் ஆசனத்துக்கும் எத்தனை கடினம் என்று எண் போட்டிருக்கிறார், 1-இல் தொடங்கி 60 வரை போகிறது. நின்று செய்யும் ஆசனங்களை அவரைப்போல யாரும் எழுத்தில் விளக்கி நான் படித்ததில்லை. திரிகோணாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் 3 முதல் 3½ அடி இடைவெளி, வலது பாதம் 90 பாகை வெளியே திரும்ப வேண்டும், இடது பாதம் லேசாக உள்ளே, முழங்கால் விறைப்பாக, வலது உள்ளங்கை கணுக்கால் அருகே. அதோடு விடவில்லை. கால்களின் பின்புறம், முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்கிறார். இதைப் படித்துவிட்டுச் சுவரை ஒட்டி நின்று செய்து பார்த்தால், இத்தனை நாளும் இடுப்பை முன்னால் தள்ளி வளைந்துகொண்டிருந்தது சுவரிலேயே தெரிந்துவிடும்.

பீகார் புத்தகத்தில் திரிகோணாசனம் இந்தக் கூர்மையோடு இல்லை. நின்று செய்யும் ஆசனங்கள் மொத்தத்திலுமே அந்தப் புத்தகம் சற்று மேம்போக்குதான். அந்தப் பகுதிக்கு நான் இன்றும் ஐயங்காரைத்தான் திறக்கிறேன்.

அப்புறம் ஏன் பீகார் புத்தகம்? எச்சரிக்கை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான்.

வீட்டில் தனியாகப் பயில்கிறவருக்கு, ஓர் ஆசனத்தை எப்படிச் செய்வது என்பதைவிட, அதை நான் செய்யலாமா என்ற கேள்விதான் முதலில் வரும். ஆசிரியர் எதிரே இருந்தால் பிரச்சினை இல்லை. "உங்களுக்குக் கழுத்து சரியில்லை, இதை விடுங்கள்" என்று சொல்லிவிடுவார். அந்த இடத்தில் புத்தகம் இருக்கிறது என்றால், அதைப் புத்தகம்தான் சொல்ல வேண்டும், அதுவும் படத்தைப் பார்த்து நாம் உடம்பை வளைக்கத் தொடங்கும் அந்தப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

ஐயங்கார் எச்சரிக்கை சொல்லாதவர் இல்லை. ஆசனப் பகுதியின் தொடக்கத்தில் குறிப்புகளும் எச்சரிக்கைகளும் தனியாகத் தந்திருக்கிறார். ரத்த அழுத்தம் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ளவர்கள் சிரசாசனம் (தலைகீழாக நிற்பது), சர்வாங்காசனம் (தோளை ஊன்றிக் கால்களை மேலே உயர்த்துவது) இரண்டிலும் ஆரம்பிக்கக் கூடாது, முதலில் வேறு ஆசனங்கள் செய்து பழக வேண்டும் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. மாதவிடாய்க் காலம், கர்ப்ப காலம் பற்றியும் அங்கேதான். சிரசாசனத்துக்கு மட்டும், புதிதாகத் தொடங்குகிறவர் எப்படிச் செய்ய வேண்டும் என்று ஆசனத்தோடு சேர்த்தே நீளமாக எழுதியிருக்கிறார். ஆனால் பெரும்பாலான ஆசனங்களின் பக்கத்தில் செய்முறை இருக்கும், பலன் இருக்கும், யாருக்கு ஆகாது என்பது இருக்காது. அந்தத் தொடக்கக் குறிப்புகளை வரி விடாமல் படித்து நினைவில் வைத்துக்கொண்டவருக்குத்தான் அது பயன்படும். காலையில் எழுந்து நேராக அந்த ஆசனத்தின் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு அது கண்ணில் படாது. போதாக்குறைக்கு, புத்தகத்தின் பின்னால் அவர் தரும் 300 வாரப் பயிற்சித் திட்டத்தில் சர்வாங்காசனமும், அதிலிருந்து கால்களைத் தலைக்குப் பின்னால் தரைக்குக் கொண்டுபோகும் ஹலாசனமும் ஆரம்ப வாரங்களிலேயே வந்துவிடுகின்றன. நல்ல உடம்புள்ள இளைஞருக்கு, பக்கத்தில் ஆசிரியரும் இருந்தால், அது சரியாக இருக்கலாம். என் கழுத்துக்கு அது ஆகாது.

பீகார் புத்தகத்தில் அதே சர்வாங்காசனப் பக்கத்தைத் திறந்தால், செய்முறை, மூச்சு, கவனம் வைக்க வேண்டிய இடம், எவ்வளவு நேரம், எதற்கு முன், எதற்குப் பின் என்று வரிசையாகத் தலைப்புகள் வருகின்றன. அந்த வரிசையிலேயே, யார் செய்யக் கூடாது என்றும் ஒரு தலைப்பு. தைராய்டு வீக்கம், கல்லீரல் அல்லது மண்ணீரல் வீக்கம், கழுத்துத் தேய்மானம், டிஸ்க் நழுவல், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண்ணில் பலவீனமான ரத்த நாளங்கள் என்று நீண்ட பட்டியல். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தின் பக்கத்தில் டிஸ்க் நழுவல், சயாட்டிகா (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி), குடலிறக்கம் மூன்றையும் எழுதியிருக்கிறார்கள். குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும், எளிதானது என்று நாம் நினைக்கும் புஜங்காசனத்துக்கே, வயிற்றுப்புண், குடலிறக்கம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகியவை உள்ளவர்கள் தேர்ந்தவர் துணை இல்லாமல் செய்ய வேண்டாம் என்று இருக்கிறது. எங்கும் தேட வேண்டாம். படத்தைப் பார்க்கும் கண் அப்படியே கீழே இறங்கினால் போதும்.

எச்சரிக்கையோடு நிற்காமல், செய்ய முடியாதவருக்குச் செய்ய வேறு ஏதாவது கொடுத்தாலொழிய அந்தப் புத்தகத்தால் பயனில்லை. பீகார் புத்தகத்தின் தொடக்கத்திலேயே பவனமுக்தாசன வரிசை என்று மூன்று பகுதிகள் வருகின்றன. முதல் பகுதி மூட்டுகளுக்கு, இரண்டாவது வயிற்றுக்கு, மூன்றாவது உடம்பில் சக்தி ஓட்டத்தைச் சீராக்க என்று பிரித்திருக்கிறார்கள். முதல் பகுதிதான் எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, கால் விரல்களை மட்டும் முன்னும் பின்னும் மடக்குவதில் ஆரம்பிக்கிறது. அடுத்து கணுக்கால், முழங்கால், இடுப்பு. அப்புறம் கை விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள். கடைசியில் கழுத்து. கழுத்துக்கு வரும்போது, தேய்மானம் கடுமையாக உள்ளவர்களுக்கு அங்கேயும் எச்சரிக்கை இருக்கிறது.

அதில் முழங்கால் சில்லை மட்டும் இறுக்கும் ஒரு பயிற்சி உண்டு. நீட்டிய காலில் தொடைத் தசையை இறுக்கினால் சில்லு தொடைப் பக்கம் மேலே ஏறும். சில நொடி அப்படியே வைத்திருந்து விட வேண்டும், அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு நாம் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். முழங்கால் வலி என்று போனால் பிசியோதெரபியில் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதேதான். அம்மா தரையில் உட்கார முடியாது என்பதால் கட்டிலில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டு செய்கிறார். "இதெல்லாம் ஒரு யோகாவா?" என்று முதலில் கேட்டவர், இப்போது சில்லு மேலே ஏறுகிறதா என்று விரல் வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

அம்மாவுக்கு பிபி உண்டு. இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே, உயர் ரத்த அழுத்தமோ கடுமையான இதயக் கோளாறோ உள்ளவர்கள், சயாட்டிகா, டிஸ்க் போன்ற முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்று போட்டிருக்கிறது. அதனால் அவர் முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை.

ஐயங்கார் புத்தகத்தில் இப்படி அடியிலிருந்து ஏறிவரும் படிகள் இல்லை. முதல் ஆசனமே தாடாசனம், நிமிர்ந்து நிற்பது. நிற்கவே சிரமப்படுகிறவருக்கு அதற்கும் கீழே ஒரு படி வேண்டும். பெல்ட், மரக்கட்டை, நாற்காலி என்று துணைப்பொருள்கள் வைத்து ஆசனத்தை எளிதாக்கும் முறைக்குப் பேர்போனவரே ஐயங்கார்தான். ஆனால் அந்தக் கைப்பக்குவம் இந்த 1966 புத்தகத்தில் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது. அவருடைய பிற்காலப் புத்தகங்களில் அது நிறைய வருகிறது. அவற்றை நான் புரட்டிப் பார்த்ததோடு சரி, வைத்துப் பயின்றதில்லை. அதனால் அவற்றைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.

பீகார் புத்தகத்தில் எனக்கு ஒப்புதல் இல்லாதவையும் உண்டு. பலன்கள் என்ற தலைப்பின் கீழ் அவர்கள் எழுதுவது பல இடங்களில் அளவுக்கு மீறிப் போகிறது. இந்த ஆசனம் இந்த நோய்க்கு, அந்த ஆசனம் அந்த நோய்க்கு என்று அடுக்குவதை நான் மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஐயங்காரும் பின்னிணைப்பில் நோய் வாரியாக ஆசனப் பட்டியல் போட்டிருக்கிறார், எனவே இதில் இருவரும் ஒன்றுதான். எச்சரிக்கைப் பட்டியலை முழுமையாக நம்புங்கள், பலன் பட்டியலைப் பாதி நம்புங்கள். டாக்டர் சொன்னதற்கு மாறாக எந்தப் புத்தகம் சொன்னாலும் டாக்டர் சொன்னதையே கேளுங்கள். எச்சரிக்கைப் பட்டியலில் உங்கள் நோய் இல்லை என்பதாலேயே தாராளமாகச் செய்யலாம் என்றும் ஆகிவிடாது.

சக்கரங்கள், குண்டலினி பற்றியும் பீகார் புத்தகத்தில் நிறைய வருகிறது. ஒவ்வோர் ஆசனத்திலும் மனத்தை எந்தச் சக்கரத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அது பெரிய கொடை. எனக்கு அந்த அனுபவம் இல்லை. உடம்பில் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதுவே நன்றாக உதவுகிறது. கோட்டுப் படங்கள் தசை எப்படி இழுபடுகிறது என்பதைக் காட்டாது என்ற குறையும் உண்டு. ஆனால் புகைப்படத்தில் ஐயங்காரின் உடம்பைப் பார்த்து, அந்த அளவுக்கு நாமும் வளைய வேண்டும் என்று மனம் துடிப்பதைவிட இந்தச் சாதாரணக் கோடுகளே எனக்கு ஏற்றவை. அவர் பல பத்தாண்டுகள் பயின்ற உடம்பு அது.

மூன்றாவதாக ஒரு புத்தகத்தையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் எழுதிய 'தி ஹார்ட் ஆஃப் யோகா', 1995-இல் வந்தது. சென்னையில் 1976-இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கியவர் அவர். ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்ற வேண்டும், ஆளை ஆசனத்துக்கு ஏற்றபடி மாற்றக் கூடாது என்ற எண்ணம் அந்தப் புத்தகம் முழுக்க இருக்கிறது. ஓர் ஆசனம் செய்தால் அதை ஈடுகட்ட அடுத்து எதைச் செய்து உடம்பைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை அவர் விளக்கும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். பதஞ்சலி யோக சூத்திரமும் விளக்கத்தோடு இருக்கிறது. ஆனால் அது பாய்க்குப் பக்கத்தில் விரித்து வைத்துச் செய்யும் புத்தகம் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். ஆசிரியர் இருப்பவர்கள் இதை அவசியம் வாங்க வேண்டும்.

ஆக, வயது குறைவு, உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, வாரம் ஒருமுறையாவது திருத்த ஆள் இருக்கிறது என்றால் ஐயங்காரை வாங்குங்கள். அந்த நுணுக்கம் வேறு எங்கும் கிடைக்காது. நாற்பதைத் தாண்டியவர், கழுத்தோ முதுகோ முழங்காலோ தொந்தரவு தருகிறது, வீட்டில் பெரியவர்களும் சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறார்கள் என்றால் பீகார் புத்தகம்தான். கடைக்குப் போனால் அட்டையையும் முன்னுரையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு என்ன நோய் இருக்கிறதோ, அதற்கு ஆகாத ஓர் ஆசனத்தின் பக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கம் உங்களை எச்சரிக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டைத் தாண்டி வேறு புத்தகம் வாங்குகிறவர்களும் இதையே செய்யலாம்.

பிராணாயாமத்தில் என் அனுபவம் கொஞ்சம்தான். பீகார் புத்தகத்தில் நாடி சோதனத்தை (மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி), மூச்சை அடக்காமல் விடுவதில் ஆரம்பித்துக் கட்டம் கட்டமாகக் கொண்டுபோகிறார்கள். அந்த முதல் கட்டத்தில்தான் இருக்கிறேன். மூச்சை அடக்கும் கட்டத்தையும், பின்பகுதியில் வரும் தௌதி முதலிய உடலின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் முறைகளையும் புத்தகத்தை வைத்துக்கொண்டு தொடுவதாக இல்லை. அதற்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.