காற்று இருக்கிறது, லைட்தான் அணையவில்லை

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரமும் நான் ஓட்டியது மைத்துனனின் காரை. சாவியைக் கொடுக்கும்போதே, "டேஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட்டு எரியும், கண்டுக்காதீங்க மாமா" என்றான். கண்டுகொள்ளாமல் விடுகிற ஆளா நான்? குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்று அர்த்தம்.

முதல் நாளே பெட்ரோல் பங்க். "எவ்வளவு சார் வைக்கணும்?" என்று பையன் கேட்டான். வெளிநாட்டில் பழகிய வாய், "2.3" என்று சொல்லிவிட்டது. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் சொன்னது பார் கணக்கு, இங்கே காற்றழுத்தத்துக்குப் பிஎஸ்ஐ கணக்கு; 2.3 பார் என்றால் 33 பிஎஸ்ஐ. அதைக் கணக்குப் போட்டு நான் சொல்வதற்குள், டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்கக் குனிந்துவிட்டான். அது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம். நாம் வைக்க வேண்டியது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதைக் காட்டிய பிறகு நான்கு சக்கரத்துக்கும் 33 வைத்தான். லைட் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த பங்கில், "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்று 36 வைத்து அனுப்பினார்கள். அப்போதும் எரிந்தது. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் பையில் வைத்திருந்த, காற்றழுத்தம் அளக்கும் சின்ன கேஜால் அளந்தால், ஒரு சக்கரத்தில் 36, இன்னொன்றில் 32. ஒவ்வொரு பங்க் மீட்டரும் ஒரு கதை சொல்கிறது. போதாக்குறைக்கு, ஓடிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில் அளந்தால்தான் ஸ்டிக்கர் எண்ணோடு ஒப்பிட முடியும்.

பஞ்சர் கடைக்காரர்தான் இந்தப் பயணத்தில் நான் பார்த்தவர்களில் பொறுமைசாலி. சக்கரங்களைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வால்வு நுனியில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. "லீக் இல்ல சார். முன்னாடி ரெண்டும் புதுசா இருக்கே, எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். போன மாதம் மாற்றியதாக மைத்துனன் சொன்னது நினைவிருந்தது. அந்தக் கேள்வியை அங்கேயே பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில், வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள்: "சென்சார் போயிருக்கும் சார். நாலு சக்கரத்துக்கும் மாத்திடலாம்." எனக்கு உறுத்தியது. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சார் பழுதானாலோ அதன் பேட்டரி தீர்ந்தாலோ, பெரும்பாலான கார்களில் லைட் முதலில் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம்தான் நிலையாக எரியும். இது ஆரம்பத்திலிருந்தே மினுக்காமல் எரிந்தது. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்கிற எண்ணும் திரையில் எங்கேயும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அன்றிரவு கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை! அதில் விஷயம் இருந்தது: இந்தக் காரில் சக்கரத்துக்குள் காற்றை அளக்கும் சென்சாரே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கிறார்களே, அதை வைத்துத்தான் யூகிக்கிறது. காற்று இறங்கிய டயரின் உருளும் ஆரம் கொஞ்சம் குறையும். அதனால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட ஒரு துளி வேகமாகச் சுற்றும். எச்சரிக்கை அதற்குத்தான். புது டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். பின்னால் இருந்த பழசில் 3 இருந்தால் அதிகம். அந்த 5 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், பின்சக்கரம் வேகமாகச் சுற்ற. தேய்ந்த டயருக்கும் காற்றிறங்கிய டயருக்கும் இந்த அமைப்புக்கு வித்தியாசம் தெரியாது. டயர் மாற்றியதும் "இனி இதுதான் சரியான நிலை" என்று பதியவைத்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை.

உடனே மெனுவில் தேடி ரீசெட் கொடுத்தேன். லைட் அணைந்தது. ஒரே பெருமை. மறுநாள் காலை, காற்றையும் சரிபண்ணிவிடலாமே என்று நான்கையும் 33 ஆக்கினேன். சாயங்காலத்துக்குள் லைட் திரும்ப வந்துவிட்டது! தப்பு என்னுடையது. ரீசெட் காற்றை அளப்பதில்லை. அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொள்கிறது. நான் பதிந்தது 36-ம் 32-ம் கலந்த குளறுபடியை. அடுத்த நாள், குளிர்ந்த டயர்களில் எல்லாம் 33 என்று என் கேஜிலேயே உறுதிசெய்த பிறகு ரீசெட் கொடுத்து, அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினேன். அப்புறம் வரவில்லை.

ஆனாலும் கேஜைப் பையில் போடவில்லை. நான்கு டயரிலும் ஒன்றுபோலக் காற்று இறங்கினால் எல்லாச் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், இந்த மாதிரி அமைப்பு அதைக் கவனிக்காமல் போகலாம். வாரம் ஒரு காலை அளந்தேன்.

கிளம்பும் நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மைத்துனன் வண்டியை ஸ்டார்ட் செய்து டேஷ்போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன மாமா, பல்பு போயிடுச்சா?" என்றான்.