டாஃப் யூனிட்: காகித நாரை மீட்க வாங்கலாம், ஏரேஷனை நிறுத்த அல்ல

உடுமலை பக்கம், பழைய அட்டைப்பெட்டிகளை அரைத்து கிராஃப்ட் பேப்பர் ஓட்டும் மில்லில் ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) என் பொறுப்பு. பேப்பர் மெஷினிலிருந்து வடிந்து வரும், நார் கலந்த பேக்வாட்டரைத் தெளியவைக்க, கரைந்த காற்றால் நாரை மிதக்கவைக்கும் டாஃப் யூனிட் போட்டிருக்கிறோம். நாரை மீட்பதற்காக என்றால் தாராளமாக வாங்குங்கள்.

தெளிந்த தண்ணீரில் ஒரு பங்கை எடுத்து, நாலைந்து பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்துத் தொட்டிக்குள் திருப்பி விடுகிறது. அழுத்தம் விட்டதும் கிளம்பும் பொடிக் குமிழ்கள் நாரில் ஒட்டி மேலே தூக்கிவிடும். மிதப்பதை ஸ்கூப் வழித்து எடுக்க, அது நேராக, அட்டையை அரைக்கும் பல்ப்பருக்கே போகிறது. பழைய கிளாரிஃபையரில் மணிக்கணக்கில் நடந்த வேலை, இதில் சில நிமிடத்தில் முடிகிறது.

காற்று சரியாகக் கரைகிறதா என்பதற்கு கேஜை மட்டும் நம்பாதீர்கள். சாம்பிள் வால்வைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்து, அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டு வர வேண்டும். பெரிய குமிழ்கள் படபடவென்று கிளம்பி உடனே தெளிந்துவிட்டால் காற்று கரையவில்லை. கொஞ்ச நேரத்தில் நார் அடியில் உட்கார ஆரம்பித்துவிடும். நாரைத் திரளவைக்கும் பாலி (பாலிமர்) கரைசலிலும் கவனம் வேண்டும். பவுடரை மொத்தமாகக் கொட்டினால் வழவழவென்று கட்டி தட்டும். தூவித் தூவிப் போட்டு, நன்றாக ஊறவிட்ட பிறகுதான் டோசிங்.

என் வருத்தம் மெஷின் மேல் இல்லை, விற்ற விதத்தில்தான். "இது வந்துட்டா ஏரேஷன் டேங்க்கை நிறுத்திடலாம் சார்" என்றார் விற்க வந்தவர். காற்று ஊதி, பாக்டீரியாவை வைத்து அழுக்கைக் குறைக்கும் தொட்டி அது. அதை நிறுத்துவது நடக்காது. அட்டையிலிருந்து கரைந்து வரும் ஸ்டார்ச் எந்தக் குமிழிலும் ஒட்டாது. தொங்கும் நார் போய்விடும், பி.ஓ.டி.யில் (அழுக்கைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பெரும்பங்கு அப்படியே நிற்கும். ஆற்றிலோ ஓடையிலோ விடும் தண்ணீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் பொது வரம்பு. அதற்கு இறக்க பாக்டீரியாவும் காற்றும் வேண்டும். தண்ணீரை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தினாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அதே ஸ்டார்ச் புளித்து, நாற்றம் பேப்பரிலேயே ஏறிவிடும். அந்த ரீலை வாங்கிப் பெட்டி செய்பவர் திருப்பி அனுப்பினால் யாரைக் குறை சொல்வது?

ஆர்டர் கொடுப்பதற்கு முன், மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது பிடித்த தண்ணீரில் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம், அடியில் தங்கும் மணலை வெளியேற்றும் வால்வு கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எங்களுடையது குழாய்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நைட் ஷிப்டில் அதைத் திறக்கும் பையனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.