நூலகக் கவுன்டரில் வாட்ஸ்அப் பிசினஸ்: எதற்குக் கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பல்கலைக்கழக நூலகம் சமூக ஊடகத்தில் இறங்குகிறது என்றால் முதலில் ஒரு ஃபேஸ்புக் பக்கம் திறப்பார்கள். புதுவரவு நூல்களின் அட்டைப்படம், தலைவர்களின் பிறந்தநாள் படம் என்று சில மாதம் ஓடும், பிறகு பக்கம் தூங்கிவிடும். மாணவர்கள் கேட்பதோ பெரும்பாலும் மூன்றே கேள்வி: இந்தப் புத்தகம் இருக்கா, எப்போ வரும், தவணையை நீட்டிக்கலாமா? இவற்றுக்குப் பதில் சொல்ல 2018ல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி ஏற்றதா? சிறு கடைக்காரர்களை மனதில் வைத்துச் செய்த இலவசச் செயலி இது. விசாரணைக் கவுன்டருக்கு நன்றாகவே பொருந்துகிறது. அறிவிப்புப் பலகையாக்கினால் சொதப்புகிறது.

முதலில் எண். ஊழியர் ஒருவரின் சொந்த எண்ணில் தொடங்கவே கூடாது. அவர் விடுப்பில் போனால் சேவையும் விடுப்பில் போய்விடும். புது சிம் கிடைக்காவிட்டால் கவுன்டரில் இருக்கும் லேண்ட்லைனே போதும். சரிபார்க்கும்போது குறுஞ்செய்திக்குப் பதில் அழைப்பைத் தேர்ந்தெடுங்கள். 6 இலக்கக் குறியீட்டைக் குரலில் சொல்லும். லைன் நேரடியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் அழுத்திப் போகும் லைன் என்றால் அந்தத் தானியங்கி அழைப்பு நூலகத்துக்கு வந்தே சேராது. ஒரு கைபேசியோடு நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால் கவுன்டர் கணினி, பருவ இதழ்ப் பிரிவு, நூற்பட்டியல் பிரிவு எல்லோரும் ஒரே எண்ணில் பதில் சொல்லலாம். ஆனால் மூலக் கைபேசியை 14 நாளுக்கு மேல் தொடாமல் வைத்தால் இணைத்த கருவிகள் எல்லாம் வெளியேறிவிடும். நீண்ட விடுமுறை முடிந்து முதல் நாள் காலை "கணினியில் வாட்ஸ்அப் வரலையே" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தச் செயலியின் உயிர்நாடி விரைவு பதில்கள். 50 வரை சேமிக்கலாம்; சாய்கோடு தட்டி இரண்டு எழுத்து அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். புதுப்பித்தலுக்கு இப்படி ஒன்று எழுதி வையுங்கள்:

"உறுப்பினர் எண், நூலின் பதிவு எண் (பார்கோடுக்குக் கீழே இருக்கும்) இரண்டையும் அனுப்புங்கள். அந்த நூலை வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் நீட்டிக்க இயலாது."

இரண்டாவது வாக்கியத்தை விட்டால், அதையே தனித்தனியாகப் பத்துப் பேருக்கு விளக்க வேண்டிவரும். திறப்பு நேரத்தை மட்டும் விரைவு பதிலில் அடிக்காதீர்கள். தேர்வுக் காலத்தில் நேரம் மாறும், பதிலை மாற்ற மறந்துபோகும், பூட்டிய கதவின் முன் மாணவர் நிற்பார். நேரம் போட்டிருக்கும் இணையப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

உரையாடல்களை வகைபிரிக்க ஒட்டும் லேபிள்கள் 20தான். துறைக்கு ஒன்று என்று ஒதுக்கினால் அதற்கே தீர்ந்துவிடும், பயனும் இல்லை. வேலையின் நிலையை வைத்துப் பெயரிடுங்கள்: "தேட வேண்டும்", "அலமாரியில் இல்லை", "மின்னிதழ்", "முடிந்தது". ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் "தேட வேண்டும்" லேபிளைத் திறந்தாலே போதும், எதுவும் விட்டுப்போகாது. "அலமாரியில் இல்லை" பட்டியல் இன்னொரு வகையிலும் உதவும்: நூற்பட்டியல் இருப்பதாகச் சொல்லி அலமாரியில் காணாத நூல்கள் அடுத்த இருப்புச் சரிபார்ப்புக்கு முன்பே கையில் வந்துவிடும்.

வரவேற்புச் செய்தி முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப வருபவருக்கும் போகும். வேலை நேரம் முடிந்தபின் போகும் "இப்போது இல்லை" செய்தியில்தான் ஒரு கோளாறு. கைபேசியில் இணையம் இருந்தால்தான் அது போகும். மாலையில் கைபேசியை அணைத்து மேசை டிராயரில் பூட்டுகிற நூலகத்தில், அது தேவைப்படும் இரவில்தான் வேலை செய்யாது. சார்ஜரில் போட்டு, வைஃபையை விட்டுவைத்துப் போக வேண்டும்.

கியூஆர் குறியீட்டை அச்சடித்து அலமாரி முனைகளில் ஒட்டுவது நல்ல யோசனை. தட்டியதும் முன்கூட்டியே நிரப்பிய செய்தியோடு உரையாடல் திறக்கும் இணைப்பைச் சொந்தமாகத் தயாரித்துக் குறியீடாக்கும்போது ஒரு சிக்கல் வரும். இணைப்புக்குள் போகும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். "புதுப்பிக்க" என்ற ஒரே சொல் 99 எழுத்தாகிவிடும். குறியீடு புள்ளி புள்ளியாக நெருங்கி, பழைய கேமராக்கள் திணறும். 1 என்றால் புதுப்பித்தல், 2 என்றால் நூல் தேடல் என்று எண்ணை மட்டும் நிரப்புங்கள். செயலியே தரும் குறியீட்டை அச்சடித்திருந்தால் "மீட்டமை" பொத்தான் பக்கமே போக வேண்டாம். ஒட்டிய தாள்கள் அத்தனையும் செத்துப்போகும்.

இனி பலவீனம். தவணை நினைவூட்டலை இதில் அனுப்பலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். மற்றவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் சொல்லாது. பிறகு தாமதக் கட்டணம் வசூலிக்கும்போது "எனக்கு மெசேஜே வரலை" என்பார் மாணவர், அது உண்மையாகவும் இருக்கும். கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பி, அவர்கள் புகார் அழுத்தினால் எண்ணே முடக்கப்படலாம். நினைவூட்டலை நூலக மென்பொருளிடமே விடுவது நல்லது. கோஹா என்ற நூலக மென்பொருளில் முன்னறிவிப்பு, தாமத அறிவிப்பு இரண்டையும் தினசரி தானியங்கிப் பணிகளே மின்னஞ்சலில் அனுப்பிவிடும். வாட்ஸ்அப்பில்தான் வேண்டும் என்றால் அதற்கு இந்தச் செயலி போதாது. மென்பொருளை வாட்ஸ்அப்போடு நேரடியாக இணைக்கும் ஏபிஐ சேவை தேவை. அது கட்டணச் சேவை, செய்தி வார்ப்புருக்களுக்கு முன் ஒப்புதலும் வாங்க வேண்டும்.

குழு தொடங்குவதும் தவறு. 1024 பேரின் எண்ணை ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு அது. மாணவிகளுக்கு அறிமுகமில்லாதவர்களிடமிருந்து செய்தி வரத் தொடங்கினால் பழி நூலகத்தின் மேல்தான். பொது அறிவிப்புக்கு 2023ல் வந்த சேனல் வசதி போதும். பின்தொடர்பவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பழைய அறிவிப்புகளையும் தேடி எடுக்க வேண்டுமென்றால் டெலிகிராம் சேனல் இன்னும் வசதி. புதிதாகச் சேர்ந்தவரும் முதல் பதிவுவரை மேலே போய்ப் பார்க்கலாம்.

மின்னிதழ்க் கட்டுரையின் இணைப்பை அனுப்பும்போது ஊழியர் செய்யும் வழக்கமான பிழை: வளாகத்துக்குள் உட்கார்ந்து, தன் திரையில் திறக்கிற முகவரியை அப்படியே நகலெடுப்பது. வீட்டிலிருக்கும் மாணவருக்கு அது பணம் கேட்கும் பக்கத்தில் போய் நிற்கும். நூலகத்தின் ப்ராக்ஸி முன்னொட்டை (வெளியிலிருப்பவரையும் நூலகச் சந்தா வழியாக உள்ளே விட, முகவரிக்கு முன்னால் சேர்க்கும் பகுதி) சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த முன்னொட்டையும் ஒரு விரைவு பதிலாக வைத்துக்கொள்ளலாம். நூலின் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினால் செயலி படத்தைச் சுருக்கிவிடும், அடிக்குறிப்பு மங்கிப்போகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை கோப்பு போகிறது என்பதற்காக முழு நூலையும் ஸ்கேன் செய்து அனுப்பினால் பதிப்புரிமைச் சிக்கல்.

புதுப்பிக்கக் கேட்பவரின் எண், உறுப்பினர் பதிவில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தபிறகே இரவல் விவரத்தைச் சொல்ல வேண்டும். "அந்தப் புக் யார்கிட்ட இருக்கு சார், நானே வாங்கிக்கிறேன்" என்று கேட்டால் பெயரைச் சொல்லாமல் முன்பதிவு போட்டுக் கொடுங்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பின் 6 இலக்க ரகசிய எண்ணை (PIN) அமைக்கும்போது, மீட்புக்கு நூலகத்தின் பொது மின்னஞ்சலைக் கொடுங்கள். மின்னஞ்சல் கொடுக்காமல் விட்டு, ரகசிய எண் தெரிந்த ஊழியர் மாற்றலாகிப் போய், புதுக் கைபேசியில் எண்ணைத் திரும்பப் பதிய வேண்டிவந்தால், 7 நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடியும்.